மாமாவின் சர்க்கரையும் நுனி உடைந்த பியூரெட்டும்

சித்தூர் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தபோது எனக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை டைட்ரேஷன் ஒன்றுதான். பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற நொடியில் திருகை மூட வேண்டும். நான் மூடும்போது அந்த நொடி வாளையார் எல்லையைத் தாண்டியிருக்கும். நுனியை உடைத்துக் காசு கட்டிய புண்ணியத்தில் ஒரு பியூரெட் எனக்கே சொந்தமாகியிருந்தது.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. மகள் கல்யாணத்தில் ஒரு கரண்டி பாயசமாவது வேண்டும் என்று ஒரே அடம். சிறுநீரில் சர்க்கரை குறைந்திருந்தால் குடிக்கட்டும் என்றார் டாக்டர். இன்சுலினைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றி, சர்க்கரை அடங்குகிற இடத்தில் நிறுத்துவது அவர் வைத்தியம். "நீ குடுவையில செய்யறதை நான் உங்க மாமன்கிட்டச் செய்யறேன்" என்பார்.

சர்க்கரையைச் சோதிக்கிற வேலையை என்னிடமே விட்டார். அவர் தந்த நீலக் கரைசலோடு நான் கிளம்பினேன். அத்தை அடுப்படிக்குள் விடவில்லை. மாட்டுக் கொட்டகைதான் ஆய்வுக்கூடம். கரைசல் ஸ்டவ்வில் கொதித்தது. மாமா பாட்டிலில் தந்ததைக் குழாயில் நிரப்பினேன். சர்க்கரை நீலத்தை வெளுத்துவிடும். எத்தனை குறைவான சொட்டில் வெளுக்கிறதோ, அத்தனை அதிகம் சர்க்கரை. திருகைத் தொட்டதுதான் தெரியும், நீலத்தைக் காணோம்.

"மாமா, உங்களைக் காச்சுனா வெல்லமே எடுக்கலாமுங்க!"

அத்தை பாயச வெல்லத்தைப் பூட்டிவிட்டாள். சாயந்திரம் வந்த டாக்டர் என் கணக்கைப் பார்த்துவிட்டு ஊசி மருந்தை ஏற்றப் போனார். மாமாவின் முகம் என் குடுவையைப் போல வெளுத்தது.

"ஏத்தாதீங்க டாக்டர்! அதுல கொஞ்சம் எளநி கலந்துட்டனுங்க."

"எளநியா? எதுக்கு?"

"பச்சத் தண்ணின்னா இவன் கண்டுபுடிச்சிருவான்னு நெனச்சனுங்க. எளநி சூட்டைத் தணிக்குமில்லீங்க, சக்கரையையும் தணிச்சிரும்னு..."

"ஏனுங்க, இத்தன வருசமாத் தோப்பு வெச்சிருக்கறீங்க, எளநி இனிக்கும்னு தெரியாதுங்களா?" என்றாள் அத்தை.

நிறம் பார்க்கவே படித்த நான் அந்தப் பாட்டிலில் ஏன் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அத்தையின் காவலில் மறுபரிசோதனை. நீலம் நெடுநேரம் பிடிவாதம் பிடித்தது. டாக்டர் ஒரு கரண்டிக்கு அனுமதி தந்தார்.

கல்யாணப் பந்தியில் பாயச வாளியோடு போனேன். கொட்டகைக் கதை ஊருக்கே தெரிந்திருந்தது. வரிசையாக எல்லோரும் கையால் இலையை மறைத்தார்கள். மாமா மட்டும் இலையை முன்னால் நகர்த்தினார்.

"ஊத்து மாப்ள, நீலம் போற வரைக்கும் ஊத்து!"

"ஒரு கரண்டிதானுங்க!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். வழக்கம்போல எனக்கு அந்த நொடி சற்றுத் தாண்டிவிட்டது.