மழை பிடித்ததும் எடுத்த பை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டிருப்பதைப் பார்க்க வந்த அதிகாரிகள், மழை பலமாகப் பெய்தால் எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு பையைத் தயாராக வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, மகள் நான். எனக்கு ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வட்டவளைக்குத் திரும்புவேன். நான் இல்லாத நேரத்தில் அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டு இறங்கக்கூடிய பையாக அது இருக்க வேண்டும்.

தோளில் மாட்டும் பள்ளிக்கூடப் பை ஒன்று வாங்கினேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பிரஷர், காதும் மந்தம். மாத்திரை, காது மெஷினுக்கு பேட்டரி, பழைய கண்ணாடி, அம்மாவின் பல் செட் வைக்கும் டப்பா, சுவெட்டர், டோர்ச், தண்ணீர், பிஸ்கட் எல்லாம் வைத்தேன். அடையாள அட்டைகளைப் பொலித்தீனில் சுற்றினேன்.

"மாத்திரய அதுக்குள்ள போட்டுட்டா நான் எதத் திங்கிறது?" என்றார் அப்பா.

நியாயமான கேள்விதான். ஒரு வாரத்துக்கானதைத் தனியாக வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் மாத்திரை வாங்கியதும் பையில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, புதியதை உள்ளே வைப்பது என்று பேசிக்கொண்டோம்.

அம்மா தன் பங்குக்கு ஒரு நல்ல சேலையைத் திணித்தார்.

"இது எதுக்கும்மா?"

"லயமே வந்து ஒக்காந்திருக்கும். கிழிஞ்சதக் கட்டிக்கிட்டா இருக்கச் சொல்ற?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தபோது, பையோடு பள்ளிக்கூடம் வரை நடந்து பார்ப்போம் என்றேன். அப்பா வரமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கியதும் முணுமுணுத்தபடி எழுந்து வந்தார். பாதி வழியில் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அப்பா மூச்சு வாங்க நின்று நின்று வந்தார். காய்ந்த படிக்கே அவ்வளவு நேரமானால், மழையில் என்ன ஆகும்? திரும்பி வந்ததும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து எடையைக் குறைத்தேன்.

"அதிகாரிங்க மைக்குல எறங்கச் சொல்ற வரைக்கும் இருக்கக் கூடாது," என்றார் அம்மா. "மழ புடிச்சா எறங்கிறணும். யாரு சிரிச்சாலும் சரி."

அந்த மழை ஒரு வேலைநாளில் வந்தது. மத்தியானம் அம்மா கடைக்குப் போனில் கோல் எடுத்தார். "நாங்க கெளம்பிட்டோம். அப்பாவுக்குக் காது மெஷின மாட்டிட்டேன். நீ அவசரப்பட்டு ரோட்டுக்கு வந்துறாத." பிறகு லைன் கிடைக்கவேயில்லை. மாலையில் பாதையில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில், என்னோடு வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் தங்கினேன். மறுநாள் மழை விட்டதும் றொசல்ல வழியாக நடந்தே போனேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மா அந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தார், மற்றது நனைந்துவிட்டதாம். நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா, "காலையில மாத்திர போட்டுட்டேன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இவங்க ரெண்டு பேரும் பையோட எறங்குறதப் பாத்து மொதல்ல சிரிச்சோம்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "அப்புறம் பயம் வந்து நாங்களும் கெளம்பிட்டோம்." முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் மண் இறங்கி எங்கள் பின்சுவரை உடைத்திருக்கிறது. அப்போது லயத்தில் யாரும் இல்லை.

நான் யோசிக்காத ஒன்றும் இருந்தது. அப்பாவால் சீமெந்துத் தரையில் உட்கார முடிந்தது, எழ முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தில் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். அம்மா இதைச் சொன்னதும், வகுப்பறையிலிருந்து ஒரு நாற்காலி கேட்டு வாங்கி வந்து போட்டேன். அதில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்தார்.

இப்போது வேறு லயத்தில் இருக்கிறோம். பையைத் திரும்பவும் தயார் செய்தபோது, "மடக்கு நாற்காலி ஒன்னு வாங்கிரும்மா," என்று அப்பாவே கேட்டார். வாங்கிவிட்டேன். அதை யார் தூக்குவது என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் இன்னும் தகராறு.