மாமா அனுப்பிய வானம்

எனக்குப் பத்து வயதாக இருந்த குளிர்காலத்தில், எங்கள் வீட்டில் மழை வருமா என்று யாரும் பார்த்ததில்லை. சூரியனில் என்ன நடக்கிறது என்றுதான் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று நான் பன்மையில் சொல்வது மரியாதைக்காக. பார்த்தது மாமா ஒருவர்தான், தன் போனில். மற்ற நாங்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சூரியன் இன்றைக்கு எவ்வளவு கொதித்தது என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாமா அம்மாவின் தம்பி. படகில் அகதியாக வந்தவர். ரோவில் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக் கராஜைத் தடுத்து அப்பா ஒரு அறை செய்துகொடுத்திருந்தார். அதனால் கார் வெளியே பனியில் நின்றது. அப்பா அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. காலையில் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டும்போது கொஞ்சம் சத்தமாகச் சுரண்டுவார், அவ்வளவுதான். மாமா கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்குக் கிடைத்தது சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் விசா. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம். மனைவியையும் மகளையும் கூப்பிட முடியாது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் முடியாது.

மாமியும் மச்சாளும் கிளிநொச்சியில் இருந்தார்கள். மச்சாள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாமா புறப்பட்டபோது அவளுக்கு ஏழு வயது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமா குசினி மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போடுவார். முதல் வருடம் மச்சாள் அவரை விடமாட்டாளாம். கங்காரு கடிக்குமா, அங்கே நிலா இதே நிலாவா என்று கேள்வி மேல் கேள்வி. நான் கேட்கத் தொடங்கிய காலத்தில் அவளிடமிருந்து ஒரேயொரு சொல்தான் வந்தது. 'ம்.' சாப்பிட்டாயா என்றால் ம். படிக்கிறாயா என்றால் ம். மாமாவிடமும் சொல்வதற்குப் புதினம் எதுவும் மிஞ்சவில்லை. நாள் முழுக்கக் கோழி. கோழியைப் பற்றி ஒரு பிள்ளைக்கு எத்தனை வாரம் சொல்லலாம்? மகள் தன் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 

அதனால் படங்கள் அனுப்பத் தொடங்கினார். அப்பாவின் காரில் சாய்ந்து நிற்கும் படம். த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயில் வாசல். மலையடிவாரத்து மரங்கள். ஒருநாள் அம்மா என்னை அறையைத் துப்புரவாக்கச் சொல்ல, மாமா வந்து என் கட்டிலையும் ஊதாநிறத் திரைச்சீலையையும் மூன்று கோணத்தில் எடுத்தார். என் அறை கிளிநொச்சிவரைக்கும் போகிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். கடலுக்கு மேலே வானம் கீழே பச்சையும் மேலே சிவப்புமாக நின்றது. தென்துருவ ஒளி என்றும், சூரியன் சீறிய இரண்டொரு நாளில் அது வருமென்றும், தெற்கே காரில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு கடற்கரையில் ஆட்கள் கூடிநின்று பார்ப்பார்கள் என்றும் அவர் சொன்னாராம். மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் இல்லை.

"அக்கா, இதை அவள் தன்ர வாழ்க்கையிலை பாத்திருக்கமாட்டாள்," என்றார்.

மாமாவின் ஆங்கிலம் தொழிற்சாலைக்குப் போதும், சூரியனுக்குப் போதாது. எனவே என்னை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போனார். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் அம்மாவும் தடுக்கவில்லை. பாண் துண்டுகளுக்குள் சம்பல் வைத்துக் கட்டித்தந்து, இரண்டு தொப்பியை ஒன்றின்மேல் ஒன்றாக எனக்குப் போட்டுவிட்டா.

முதல் தடவை மாமா காரைக் கடலைப் பார்த்து, விளக்கு முழுவதையும் எரியவிட்டுக்கொண்டு கொண்டுபோய் நிறுத்தினார். இருட்டுக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர்களுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது. கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் எடுக்கும், ஒரு விளக்கு போதும் எல்லாம் கெட்டுப்போக. ரோச் லைட்டுக்கெல்லாம் சிவப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். மாமாவுக்கு இது எப்படித் தெரியும்? அவர் காரை விட்டு இறங்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றார். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து நடித்துக்கூடக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவர்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முன்பு தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அன்ரி எங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, கமராவை எப்படி வைப்பது என்று எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, நான் மாமாவுக்குத் தமிழில் சொல்வேன். கமரா அப்பாவுடையது, அதுவரை பிறந்தநாளையும் கலியாணத்தையும் தவிர வேறொன்றையும் கண்டறியாதது. இரண்டு தடவை போயும் முகில் மூடியிருந்தது. மூன்றாம் தடவை மாமா எதிர்த்திசையில் ஓடி, முதலில் த பேசினுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கமராவுக்கும் விபூதி பூசிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு வானம் திறந்திருந்தது. ஏழரை மணியளவில் கரையில் நின்றவர்கள் எல்லாரும் ஆ என்றார்கள். மாமாவும் ஆ என்றார். பிறகு என் காதுக்குள் குனிந்து, எங்கே என்று கேட்டார். அன்ரி விரலை நீட்டினா. கடலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ நின்றது, யாரோ தூரத்தில் விறகு எரிப்பதைப்போல. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை தூரம்?

கமரா பதினைந்து விநாடி திறந்திருந்து மூடியது. அதன் சின்னத் திரையில் சிவப்பும் பச்சையும் தூண்தூணாக நின்றன. மாமா திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். இது உண்மையா, இல்லை கமரா தன்பாட்டில் செய்கிறதா என்று அன்ரியிடம் கேட்கச் சொன்னார். அன்ரி பொறுமையாகச் சொன்னா: நிறம் அங்கே உண்மையாகவே இருக்கிறது, இருட்டில் மனிதக் கண்ணுக்கு நிறத்தைப் பிரித்தறியும் வலு குறைவு, கமரா வெளிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து எடுப்பதால் அதற்குத் தெரிகிறது. இவ்வளவுக்கும் என்னிடம் தமிழ் இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதாம், கமராவிலைதான் வருமாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். மாமா தலையை ஆட்டினார். பிறகு விரல் விறைக்கும்வரை படம் எடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவர் பேசினார். கோழிக்காரர் என்று அப்பா பகிடி பண்ணும் அந்த மனிதர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த நாள் ஞாயிறு. படங்களைக் காலையிலேயே அனுப்பியிருந்தார். மத்தியானம் அழைத்தபோது மாமி எடுக்கவில்லை. மச்சாளே ஓடிவந்து எடுத்தாள். அப்பா இது எங்கே, சுடுமா, சத்தம் கேட்குமா, கிட்டப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமா சொன்னார். சொல்லச் சொல்ல வானம் பெரிதானது. சிவப்பு கடலில் விழுந்ததாம், கரையில் நின்ற எங்கள் முகமெல்லாம் சிவந்ததாம். மச்சாள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றா. அந்த முகத்தை நானும் பார்த்தேன். அது சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரோடு பேசும்போது வீட்டில் நிற்கும் அத்தனை பேரும் முறைவைத்துப் பேசவேண்டும். என்ன பேசுவதென்று யாரும் சொல்லித்தருவதில்லை. போனை முகத்துக்கு நேரே நீட்டி, கதை பிள்ளை, கதை என்பார்கள். அன்றைக்கு மாமா தானாகவே நீட்டினார். தனக்கொரு சாட்சி இருக்கிறது என்ற பெருமையோடு நீட்டினார்.

"நீயும் பாத்தனியோ? அப்பிடிச் சிவப்பாவோ இருந்தது?" என்று கேட்டாள் மச்சாள்.

எனக்கு அந்த அன்ரி சொன்ன விஞ்ஞானம் முழுவதும் நாக்கு நுனியில் நின்றது.

"இல்லை. கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை. சும்மா சாம்பல். கமராதான் கலரைக் காட்டினது," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. மாமா கையை அசைத்தார், போனைத் தா என்பதுபோல. அதற்குள் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அப்ப எனக்கெண்டு வைச்சிருக்கிற அறை? ஊதாச் சீலை போட்டது?"

"அது என்ர அறை. நான்தான் அதிலை படுக்கிறனான்."

"ம்," என்றாள். தன் அம்மாவிடம் போனைக் கொடுப்பதாகச் சொன்னாள்.

மாமா மாமியுடன் கூரைத் தகரத்தைப் பற்றியும் பக்கத்து வீட்டு வேலியைப் பற்றியும் பேசினார். குரல் சாதாரணமாகவே இருந்தது. பேசி முடிந்ததும் எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனார். என்னைத் திட்டவில்லை. நான் உண்மையைத்தானே சொன்னனான் என்று அம்மாவிடம் கேட்டேன். ஓம், உண்மைதான் என்று சொல்லிவிட்டு அம்மா குழாயைத் திறந்து கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினா. ஒருவரும் ஏசாததால் நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று முடிவுகட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது. என் அறையை என்னிடம் கேட்காமல் எப்படிக் கொடுப்பார்கள்?

அடுத்த ஞாயிறு மச்சாள் ரியூஷனுக்குப் போயிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் ரியூஷன். பிறகு மாமா ஸ்பீக்கர் போடுவதை விட்டு, போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போகத் தொடங்கினார். சூரியனைப் பற்றிய பேச்சும் நின்றது. அடுத்த வருடம், படகில் கூட வந்த இருவரோடு தங்கி வேலை தேடுவதாகச் சொல்லி சிட்னியில் மெரிலேண்ட்ஸுக்குப் போனார். போகும்போது கமராவைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து அப்பாவிடம் கொடுத்தார்.

சென்ற வருடம் மச்சாளுக்குக் கலியாணம். மாமாவின் விசா இன்னும் அதே விசா. நாங்கள் மூன்று பேரும் சிட்னிக்குப் போய் அவரோடு இருந்தோம். அவர் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, கலியாணம் நேரடியாக ஓடிக்கொண்டிருந்த ரீவிக்கு முன்னால் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கிளிநொச்சி மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் எழுந்து நின்று, கையில் வைத்திருந்த அறுகரிசியை ரீவியை நோக்கித் தூவினார். அது கம்பளத்தில் கொட்டியது. அம்மா குனிந்து பொறுக்கினா. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகுதான் மச்சாளோடு நானாகப் பேசத் தொடங்கினேன். ஒருநாள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மன்னிப்புக் கேட்டேன். நான் சொல்லித்தானே உனக்கு அறையைப் பற்றித் தெரியவந்தது என்றேன்.

"இல்லையடி. அந்தப் படத்திலை கதவுக்குப் பின்னாலை உன்ர பள்ளிக்கூடப் பை தொங்கினது. பேர் வடிவாத் தெரிஞ்சது. எனக்கு முதலே தெரியும்," என்றாள்.

பிறகு ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. அவள் அப்பா என் பக்கத்தில் நிற்கிறார், எல்லாம் அவருக்குக் கேட்கிறது என்று தெரிந்துதான் அவள் கேட்டாள். ஓம், அது உன்ர அறைதான் என்று நான் சொல்லியிருந்தால், அவளும் அவரும் அதை வைத்துக்கொண்டு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தியிருப்பார்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று அந்தப் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.