பேசுகிறவர் உட்காரும் வரை

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்த பிறகு வந்த மாதங்களில், எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் ஜீப் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சங்கத்துக்குப் பொதுக்குழு கூட்ட வேண்டி வந்தது. அதுவரை கம்பெனி வாசலில், புளியமரத்தடியில் நடந்த கூட்டத்துக்கு இந்தத் தடவை கல்யாண மண்டபம் பிடித்து, போலீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். சாயங்காலம் ஆறு மணி வரைதான் அனுமதி. அதற்கு மேல் உள்ளே ஒருத்தரும் இருக்கக் கூடாது.

நான் அந்தச் சங்கத்தின் துணைத் தலைவர். கேட்பதற்குப் பெரிய பதவி. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் பெண்கள் அதிகம் என்பதால் மேடையில் ஒரு பெண் இருக்கட்டும் என்று உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் செயலாளர். தலைவர் மெட்ராஸிலிருந்து வரும் ஒரு வக்கீல். கூட்டத்தை முழுக்க அவரே நடத்திவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோடா குடித்துவிட்டு வருவேன்.

சண்டை ஓர் ஒப்பந்தத்தைப் பற்றியது. நிரந்தரத் தொழிலாளிகளுக்குச் சம்பளம் ஏற்றித் தருகிறோம், பயிற்சியில் இருக்கிறவர்களை நிரந்தரமாக்கச் சொல்லிச் சங்கம் இனிமேல் கேட்கக் கூடாது என்றது நிர்வாகம். திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமாவின் கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்கள். அவர்கள்தான் பெரும்பான்மை. இன்னொரு கட்சிக்காரர்கள் கூடாது என்றார்கள். பயிற்சியில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர்களுடைய தம்பி தங்கைகள். ஒரே சங்கத்துக்குள் இரண்டு கட்சி. வேட்டிக் கரையைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. பேச எழுந்த உறுப்பினர் தானாக உட்காரும் வரை வாக்கெடுப்பு நடத்தக் கூடாது. அந்த விதியை மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் சம்மதிக்க வேண்டும். சங்கம் தொடங்கின காலத்தில் இந்த வரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே மாமாதான். அப்போது அவர் பக்கம் ஆள் குறைவு. ஒரு தடவை வேலைநிறுத்தத்தைத் தடுக்க அவரே மதியச் சாப்பாட்டிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும் வரை நின்று பேசியிருக்கிறார். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வக்கீலுக்குக் காய்ச்சலாம், வரமாட்டாராம்.

"நாளைக்கு நீதான் தலைமை. நம்மாளு ஒருத்தன் எழுந்து, விதியை மாத்த பாதிக்கு மேல கை தூக்கினா போதும்னு சொல்வான். நீ ஆமான்னு தீர்ப்பு குடு. அவ்ளோதான் வேலை."

"புக்ல மூணுல ரெண்டு பங்குன்னு கீதே மாமா."

"புக்குக்கு அர்த்தம் சொல்றது தலைமை. அவனுங்க ஆறு மணி வரைக்கும் பேசிக்கினே இருப்பானுங்க. நாம வேடிக்கை பாத்துக்கினு இருக்கறதா?"

அண்ணன் எதிரில் என் வீட்டுக்காரர் பேச மாட்டார். நானும் சரி மாமா என்றேன்.

அவர் போன பிறகு சீமெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். சைக்கிளில் இரண்டு பேர் வந்து என் பக்கத்தில் காலை ஊன்றி நின்றார்கள். கம்பெனியில் பார்த்த முகங்கள். அந்த இன்னொரு கட்சிக்காரர்கள்.

"யக்கா, நாளைக்கு நீங்கதான் தலைமையாமே. விதியை மாத்தி கீத்தி சொல்லிடாதீங்க. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுல இருந்து இறங்கி ஏரிக்கரை மேல தனியாத்தானே நடந்து வர்றீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார்கள். சிரிக்கக்கூட இல்லை. நான் சீமெண்ணெய் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்காரரிடம் கடை மூடியிருந்தது என்றேன். சொன்னால் அவர் அண்ணனிடம் சொல்வார், அண்ணன் ஆள் அனுப்புவார், அது வேறு எங்கோ போய் முடியும்.

மறுநாள் மாமாவின் வண்டியில்தான் போனேன். மண்டபத்தில் பெண்கள் இடப்பக்கம் முன்வரிசைகளில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் ஆண்கள். மேடைக்குப் பின்னால் வழி இல்லை. வெளியே போக வேண்டுமென்றால் அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். உட்கார்ந்த உடனே நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

பேச எழுந்தவர் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவர். ஒல்லியான ஆள். சும்மா இருக்கும்போது அதிகம் பேசாதவர். அவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார். பிறகு பயிற்சியில் இருந்த ஒவ்வொருத்தரையும் பற்றிப் பேச ஆரம்பித்தார். யார் எந்த ஊர், எந்த மெஷின், யாருக்கு விரல் போனது, யாருக்குக் கல்யாணம் நின்றது. அது முடிந்ததும் கம்பெனி பஸ் நிற்கிற ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, ஊருக்கு ஊர் அங்கே எத்தனை வீட்டுச் சோறு இந்தக் கம்பெனியை நம்பி வேகிறது என்றார். மாமா பக்கத்து ஆட்கள் ஊளையிட்டார்கள். யாரோ மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். அவர் மைக் இல்லாமல் பேசினார். தொண்டை கட்டிப் போய்ப் பாதி வார்த்தை காற்றாக வந்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் முடிந்தது.

எனக்கும் நகர முடியாத கதிதான். மதியம் குடித்த தண்ணீர் அடிவயிற்றை முட்டியது. பக்கத்தில் இருந்த இணைச் செயலாளர் மாமாவின் ஆள். என் முகத்தைப் பார்த்து அவர் மெதுவாகச் சொன்னார்: "எழுந்து போறதுன்னா போய்ட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்." நான் எழுந்தால் அவர் என் நாற்காலியில் உட்காருவார், கேட்ட தீர்ப்பைக் கொடுப்பார், பாவம் அவர் தலையோடு போகும். எனக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது. இருந்தும் நான் எழவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை. அந்த நடுவழியில், அந்தச் சத்தத்தில், நடக்க எனக்குக் கால் வரவில்லை.

ஐந்து மணி தாண்டியதும் மாமா சொன்ன ஆள் எழுந்தான். "தலைமைக்கு ஒரு கேள்வி. விதியை மாத்த பாதிக்கு மேல இருந்தா போதும்னு நாங்க சொல்றோம். தலைமை தீர்ப்பு சொல்லணும்." பேசிக்கொண்டிருந்த அண்ணன் பேச்சை நிறுத்தினார். நின்றபடியே என்னைப் பார்த்தார்.

நான் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. எதிரில் விதிப் புத்தகம் திறந்திருந்தது. படிப்பது சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிவிட்டால் படிப்பது போல, "இவ்விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஒப்புதல் தேவை" என்று படித்தேன். படித்து முடித்ததும் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "அதான் தீர்ப்பு" என்றேன்.

முதல் நாற்காலி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இரும்பு நாற்காலி. மேடை விளிம்பில் பட்டு விழுந்தது. பெண்கள் சுவரோரம் ஓடினார்கள். மாமா கீழே நின்று, "தலைமை சொன்னதை ஒத்துக்காதவங்க கை தூக்குங்க" என்று கத்தினார். நூறு கை எழுந்திருக்கும், எண்ணத்தான் யாரும் இல்லை. மெஷின் ஷாப் அண்ணன் சட்டை கிழிந்து, தோளை இரண்டு பேர் பிடித்து அமுக்க, முட்டி மடங்காமல் நின்று, "நான் இன்னும் உக்காரல, நான் இன்னும் உக்காரல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். குரலே இல்லை. உதடு அசைவதில்தான் தெரிந்தது. நான் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தேன். ஆறு மணிக்கு முன்னாலேயே சப் இன்ஸ்பெக்டர் லத்தியோடு உள்ளே வந்துவிட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

மாமா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஒரகடம் கூட்ரோடு வந்ததும் நிறுத்தினார்.

"இறங்கு."

இறங்கினேன்.

"என் தம்பி பொண்டாட்டின்னுதான் ஒண்ணும் செய்யாம விடறேன். இன்னொருத்தியா இருந்தா நடக்கறதே வேற." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அப்போது ஒரகடத்தில் இப்போது போல ஒன்றும் கிடையாது. ஒரு டீக்கடை, சுற்றிலும் வயல், பொட்டல். டீக்கடைக்காரர் மனைவி பின்பக்கம் போக இடம் காட்டினாள். திரும்பி வந்து படப்பை பஸ்ஸுக்கு நின்றேன். சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் கடைக்குள் நகர்ந்தேன். பஸ்ஸுக்கு முன்னால் ஜீப் வந்தது. அந்த மாதங்களில் பையோடு தனியாக நிற்கும் பெண்ணைப் பார்த்தால் போலீஸுக்குப் பயம், எங்களுக்குப் போலீஸைப் பார்த்தால் பயம். கான்ஸ்டபிள் தள்ளி நின்றபடியே பையைத் தரையில் வைத்துத் திறக்கச் சொன்னார். டிபன் டப்பா, கைத்துண்டு, விதிப் புத்தகம்.

"இது இன்னா புக்கு?"

"சங்கத்து விதி சார்."

"எந்தக் கட்சி?"

சொல்ல ஒரு கட்சியும் அன்றைக்கு எனக்கு இல்லை. டீக்கடைக்காரர்தான், "மணிமங்கலத்துப் பொண்ணு சார், மோட்டார் கம்பெனில வேலை செய்யுது" என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமைக் கெடு தாண்டியது. ஆனால் மாமாவின் ஆட்கள் ஒரு வாரத்துக்குள் தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். நிர்வாகம் அவர்களோடு கையெழுத்துப் போட்டது. பயிற்சியில் இருந்தவர்களில் கொஞ்சம் பேர் தங்கினார்கள், நிறையப் பேர் போனார்கள். எங்கள் பிரிவில் என் பக்கத்து மெஷின் காலியானது. மாமா எங்கள் வீட்டு வாசலை மிதித்தது அடுத்த பொங்கலுக்குத்தான்.

ஏரிக்கரை வழியாகத் தனியாக வர எனக்குத் தைரியம் இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் வீட்டுக்காரர் வந்து நின்று கூட்டிப் போனார். எதற்கென்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து மெஷின் ஷாப் அண்ணன் எங்கள் பிரிவுக்கு வந்தார். குரல் இன்னும் சரியாகவில்லை.

"நீங்க நம்ம பக்கம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது தங்கச்சி. நம்ம சங்கத்துல பதவிக்கு நில்லுங்க."

"நான் யார் பக்கமும் இல்லண்ணா. பயந்துக்கினு இருந்தேன். எதிர்ல இருந்ததைப் படிச்சேன்."

அவர் நம்பவில்லை. நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். பழைய சங்கம் உடைந்ததால் அவர்களும் ஒரு புதுச் சங்கம் ஆரம்பித்து, அதற்கு விதி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பேசுகிற விதியை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆளுக்கு மூணு நிமிஷம். எல்லாரும் பேசிக்கினே இருந்தா வேலை எப்படி நடக்கும்?"

மாமாவின் சங்கத்திலும் மூன்று நிமிஷம்தான் என்று கேள்விப்பட்டேன். ஷிப்ட் மணி அடித்தது. நான் அடுத்த காயிலை மாட்டினேன்.