'மோன் கழிச்சோங்க?'

போன புதன்கிழமை எங்கள் நர்ஸிங் ஸ்கூல் ஜீப் வடகரப்பதிப் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் போய் நின்றது. பின்னாலிருந்து வெள்ளை யூனிஃபார்மில் மாணவிகள் குதித்தார்கள். முன்னாலிருந்து நான் இறங்கினேன். குதிக்கிற வயதா எனக்கு?

ஜீப்பைப் பார்த்ததுமே இரண்டு ஆண்கள் சோளக்காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறோமாம்! "குழந்தைங்களைப் பார்க்கத்தான்யா வந்திருக்காங்க" என்று டிரைவர் கத்திய பிறகுதான் ஒரு துண்டுத் தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

எனக்கு இந்த வருஷம் ஒரு புது வேலை. எங்கள் மாணவிகள் பெரும்பாலும் கோட்டயம், திருவல்லாப் பக்கத்துப் பெண்கள். கிழக்கே எல்லையோரக் கிராமங்களிலோ கோயமுத்தூர்த் தமிழ். ஜனங்களிடம் எப்படிப் பழகுவது, எப்படிப் பேசுவது என்று இவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். "நீங்கள் தமிழ்தானே?" என்று பிரின்ஸிபால் என் தலையில் கட்டிவிட்டார்.

தமிழ்தான். கல்பாத்தி அக்ரஹாரத்துத் தமிழ். தமிழில் எல்லாம் ஒன்றுதானே என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. செருப்பை வெளியே விடுங்கள். மோர் கொடுத்தால் குடியுங்கள். மூக்கைச் சுளிக்காதீர்கள். முக்கியமாக, என்ன பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' போடுங்கள், அதுதான் அங்கே மரியாதை. பெண்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

விளைவு? அன்னம்மா.

முதல் வருஷத்துப் பெண். துறுதுறுப்பானவள். தமிழ் சுத்தமாகத் தெரியாது. அதனால் என்ன... மலையாளத்தின் முதுகில் ஒரு 'ங்க'வை ஏற்றிக்கொண்டு நேராக வேலுச்சாமி வீட்டுக்குள் போனாள். வேலுச்சாமி என்றால், சோளக்காட்டிலிருந்து எட்டிப் பார்த்த அதே தலைதான். அவர் மனைவி சரசு உடுமலைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், மலையாளம் காதில் விழாமல் வளர்ந்தவள். ஒரு வயசுப் பையன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்னம்மா சிரித்த முகமாகக் கேட்டாள்: "சேச்சிங்க, மோன் கழிச்சோங்க?"

மலையாளத்தில் 'மோன் கழிச்சோ' என்றால் 'பையன் சாப்பிட்டானா' என்று அர்த்தம். தமிழில் கழிச்சல் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரசுவுக்கு ஆச்சரியம். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாளே! "ஆமாங்க, விடியறதுக்குள்ளயே நாலஞ்சு வாட்டி கழிச்சுட்டானுங்க."

"மிடுக்கன்!" கெட்டிக்காரன் என்று அன்னம்மா கை தட்டினாள். "இனியும் நல்லோணம் கழிக்கணும்ங்க!"

"இன்னுமா? உசுரே போயிருமுங்களே!"

"பேடிக்கண்டாங்க. கழிக்காத்த குட்டிகளுக்கு ஞங்ஙள் மருந்து கொடுத்துக் கழிப்பிக்கும்ங்க!"

சாப்பிடாத பிள்ளைகளைச் சாப்பிட வைக்க மருந்து உண்டு, பயப்படாதே என்கிறாளாம். மருந்து... கழிப்பு... சரசுவுக்கு அது போதும். பையனை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டில் குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வேலுச்சாமி வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க டீச்சரம்மா, பச்சப் புள்ளைக்குப் பேதி மாத்திரை குடுக்கறதுக்கா ஜீப்பு வெச்சு வந்தீங்க? ஏற்கெனவே நேத்திருந்து பிடுங்கிட்டு இருக்குதுங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றிலிருந்து பேதி, இந்த வெயில், ஒரு வயசுக் குழந்தை, உள்ளே தாழ்ப்பாள். இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஓடினேன். ஆமாம், ஓடினேன். வாசலில் அன்னம்மா கண் கலங்க நின்றிருந்தாள்.

அவளை ஒதுக்கிவிட்டு, தமிழ் தெரிந்தவள் என்ற தோரணையோடு கதவருகில் போனேன். "சரசு, பயப்படாதேம்மா. சித்தே கதவைத் தொற. கொழந்தைக்கு ஜலம் குடுத்தியோ? நெறைய ஜலம் குடுக்கணும்."

உள்ளேயிருந்து நடுங்கின குரல்: "சலமா? புண்ணுல வருமே... அந்தச் சலமுங்களா?"

என் முதுகுக்குப் பின்னால் அன்னம்மாவும் அதிர்ந்தாள். "டீச்சர்... சலமோ?" மலையாளத்திலும் சலம் என்றால் சீழ்தானாம்!

"வாட்டர்! தண்ணி! தண்ணியைச் சொன்னேன்!" என்று நான் இரண்டு பாஷையில் அலறினேன். அழுதுகொண்டிருந்த அன்னம்மாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு. இரண்டும் சேர்ந்துகொண்டன. தாழ்ப்பாள் விலகியது.

பையனின் கண்கள் உள்ளே போயிருந்தன. உதடு காய்ந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால், கிள்ளின இடம் அப்படியே நின்றது. ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொன்னேன். ஆறவைத்த வெந்நீரில் சர்க்கரையும் துளி உப்பும் கலந்தோம். முதல் ஸ்பூனைக் கக்கிவிட்டான். இரண்டாவதையும்.

அன்னம்மா அவனை மடியில் வாங்கிக்கொண்டாள். வாயே திறக்கவில்லை. சொட்டுச் சொட்டாக, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சொட்டுச் சொட்டாக... சரசு பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். வேலுச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடலாமா என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

திடீரென்று ஒரு கூச்சல். "மூத்ரம்! டீச்சர், மூத்ரம்!"

வெள்ளை யூனிஃபார்ம் நனைந்து சொட்டுகிறது. "ஐயோ, வெள்ளைத் துணியாச்சுங்களே!" என்று சரசு பதறுகிறாள். அன்னம்மாவோ லாட்டரி விழுந்தது போலப் பையனைத் தூக்கி முத்தமிடுகிறாள். ஏறின தண்ணீர் உடம்பில் தங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சேதி உண்டா? இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

எனக்கு ஒன்று புரிந்தது. பதில் வந்துவிட்டது என்பதற்காகக் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பக்கூடாது. அன்னம்மாவுக்கும் பதில் வந்ததே, உடனுக்குடன்! இந்தப் பாடத்தை வகுப்பில் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது வேலுச்சாமி ஜீப் வரைக்கும் வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஏனுங்க டீச்சரம்மா, அடுத்த வாட்டியும் அந்தப் புள்ளையவே அனுப்புங்க. தங்கமான புள்ளைங்க. என்ன... ஒண்ணும் பேசாம வரச் சொல்லுங்க."