கிணற்று நீச்சலும் புள்ளி மீனும்

மாலத்தீவில் ஆசிரியையாக இருக்கும் என் மகள், திமிங்கிலச் சுறாவோடு சேர்ந்து நீந்தலாம் வா என்று அழைத்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நீச்சல் தெரியாது. மலைமேல் வாழவந்தி நாட்டிலுள்ள எங்கள் மிளகுத் தோட்டத்தை விட்டுப் போய் நான் கடலைப் பார்த்ததே இரண்டு முறைதான். ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. அவள் படகுக்குப் பதிவு செய்திருந்தது ஒரே ஒரு காலைக்கு.

முதலில் படித்தேன். மீன்களிலெல்லாம் பெரியது அது. உண்பதோ நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை. வாயில் ஆயிரக்கணக்கான பற்கள் இருந்தும் எதையும் கடிப்பதில்லை. ஒன்றன் முதுகிலுள்ள வெண்புள்ளிகளைப் போல் இன்னொன்றுக்கு அமைவதில்லை. அவற்றைக் கொண்டுதான் இன்ன மீன் என்று அடையாளம் காண்கிறார்கள். அதன் நீளம் மட்டும் மனத்தில் பிடிபடவில்லை. அந்த அளவுக்கு மிளகு பறிக்கும் மூங்கில் ஏணிகள் இரண்டைக் களத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தினேன். மிளகு உலர்த்த வந்த கணவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார். மாலைவரை அவற்றை எடுக்க எனக்கு மனமில்லை.

நீந்தக் கற்றது காளப்பநாயக்கன்பட்டியில், நாத்தனார் தோட்டத்துக் கிணற்றில். சனிக்கிழமைதோறும் பேருந்தில் மலையிறங்குவேன். என் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி இறக்கிவிட்டு, அவள் படியில் அமர்ந்து கடலைக்காய் உரித்துத் தின்பாள். நான்கு கை வீசுவதற்குள் சுவர் வந்துவிடும், இடப்பக்கம் திரும்பிவிடுவேன். மூன்றாம் மாதம் கேன் தேவைப்படவில்லை.

“ஏனுங்க அண்ணி, மீனு நேராப் போவுமுங்க. நீங்க செக்கு மாடாட்டம் சுத்தீட்டே இருக்கறீங்க,” என்றாள்.

“கிணத்துக்குள்ள வேற எப்படிக் கண்ணு போறது?” என்றேன்.

கடலில் இறங்கியபோது கீழே நீலத்தைத் தவிர எதுவுமில்லை. பிறகு தொலைவில் அந்த நீலத்தின் ஒரு பகுதி எங்களை நோக்கி அசைந்து வந்தது. மகள் என் கையை விட்டாள். நான்கு கை வீசினேன். இல்லாத சுவருக்காக என் உடம்பு தானாகவே இடப்பக்கம் திரும்பிவிட்டது. வந்துகொண்டிருந்த மீனுக்கு முதுகைக் காட்டிவிட்டேன். ஒரே காலை, அதுவும் போயிற்று என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது வட்டத்தை முடிப்பது மட்டுமே. முடித்தேன்.

தலை என்னைக் கடந்திருந்தது. உடல் இன்னும் வந்துகொண்டிருந்தது. புள்ளி புள்ளியாக, அவசரமே இல்லாமல், முதல் ஏணி முழுவதும் கடந்தது. இரண்டாவதில் பாதி வந்தபோது வால் ஒருமுறை வீசி மறைந்தது. கை கால் அசைக்காமல் மிதந்து கிடந்தேன்.

அது இளமீன் என்று மகள் படகில் சொன்னாள். இன்னும் வளருமாம்.