பட்டினி போட்ட பூசணம்

அலுமினியத் தட்டுகளில் கருப்பட்டி நிறப் பாகு, அதன்மேல் மடிப்பு விழுந்த வெள்ளைப் பூசணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பருத்தி அரவையை நிறுத்திவிட்டுப் பந்தல்குடி சாலையில் அண்ணாச்சி ஆரம்பித்த எலுமிச்சை உப்புத் தொழிற்சாலை என்றால் எனக்கு முதலில் அந்தத் தட்டுகள்தான் கண்ணில் வரும். அவர் எனக்கு முதலாளி. நுண்ணுயிரியல் படித்து முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் தின்றுவிட்டு, மிட்டாய்க்கும் கலருக்கும் புளிப்புத் தரும் உப்பை அந்தப் பூசணம் கக்க வேண்டும்.

சும்மா கக்காது. புற ஊதா விளக்கில் வாட்டி, பிழைத்தவற்றில் அதிகம் புளிப்பது எது என்று சலித்துச் சலித்து, ஒன்றைத் தேற்ற ஒரு வருடம் பிடித்தது. அதற்கும் இரும்புச்சத்து கிடைத்துவிடக் கூடாது. கிடைத்தால் தின்றதையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டு கொழுக்கும். இரும்பில்லாமல் தவித்தால்தான் புளிப்பு வெளியே வரும். பாகிலிருந்து இரும்பைப் பிரிப்பதே எனக்குப் பாதி வேலை. இதை அண்ணாச்சியிடம் சொன்னேனா என்றால், இல்லை. கேட்டபோதெல்லாம், "பக்குவம் பண்றேன் அண்ணாச்சி" என்று முடித்துக்கொண்டேன். படித்த திமிர்தான், வேறென்ன.

முதல் ஈடு பிரமாதமாக வந்தது. வாங்க வந்த மதுரைக்காரர் தட்டு தட்டாகப் பார்த்து வாயைப் பிளந்தார். அடுத்த மூன்று ஈடும் படுத்துவிட்டன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணாச்சி நாளுக்கு நாலு தடவை வந்து நின்றார். "நல்லா கொழுகொழுன்னுதான தாயி இருக்கு, ஏன் புளிக்க மாட்டேங்குது?" விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. தேற்றிய குணம் பூசணத்துக்கு மாறிவிட்டது என்று முடிவுகட்டி, அடுத்த ஈடுகளுக்குப் பூசண வித்தைச் சேமித்து வைத்திருந்த குழாய்கள் அத்தனையையும் குக்கரில் அவித்துக் கொட்டினேன். ஒன்றையாவது ஒதுக்கி வைப்பதுதான் முறை. அன்றைக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

மறுநாள் பாகை ஆறவைக்கும் தொட்டியைக் கழுவியபோது அடியில் ஒரு மாட்டு லாடம் கிடந்தது.

"நாந்தான் போட்டேன் தாயி. மதுரைக்காரரு பாத்த பார்வைக்கு, கண்ணு பட்டுறக் கூடாதுல்ல?"

இரும்பு என்ன செய்யும் என்பதை அப்போதுதான் சொன்னேன், அதுவும் கத்தி. முகம் வெளுத்துப்போய், "இனிமே இரும்பு போடாமப் பாத்துக்கிட்டா வந்துருமா?" என்று கேட்டார்.

"பூசணமே போச்சு அண்ணாச்சி" என்றேன். யாரால் போனது என்று சொல்லவில்லை. லாடத்தால் என்றே அவர் எடுத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். இன்னொன்றைத் தேற்ற இன்னொரு வருடம் தாங்கும் நிலையில் அவர் இல்லை. தொழிற்சாலையை மூடினார்.

சில வருடங்கள் கழித்து அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டார். கூட அவர் மருமகன். "இவுக சரியாத்தான் செஞ்சாக மாப்ள. நாந்தான் லாடத்தப் போட்டுக் கெடுத்துப்புட்டேன்" என்று சிரித்தார். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் திருச்சுழி பஸ் வந்து கூட்டம் முண்டியது. அண்ணாச்சி முன்னால் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்தார். அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.