முகப்பேரில் எரிமலை செய்த கதை

எனக்குக் குரோஷே பின்னக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘உங்களுக்கு அருகில்’ என்று போன் காட்டும் வகுப்புகள் எல்லாம் அடையாறில் நடக்கின்றன. அம்பத்தூருக்கு அடையாறு அருகில் என்று சொன்னவர் பஸ்ஸில் போனதே இல்லை.

இன்று ஒருவழியாக முகப்பேரில் ஒன்று அகப்பட்டது. ‘எல்லா வயதினருக்கும் கைவினை வகுப்பு.’ கொக்கி ஊசியும் நீல நூலும் வாங்கிக்கொண்டு போனேன்.

ஃபிளாட்டின் ஹாலில் ஏழெட்டு அம்மாக்கள் தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“பையனா, பொண்ணா? எந்த ஸ்கூல்?”

“எனக்குத்தான் மேடம். குரோஷே கத்துக்கணும்.”

“உங்களுக்கா? எதுக்கு?”

“சும்மா, ஆசைக்கு.”

ஹாலில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பக்கத்தில் இருந்த அக்காதான் முதலில் சிரித்தார்.

“மார்க்கு இல்லாத வேலைக்கு ஆசையா? சும்மாதானே கீறே, இத்தப் புடி கண்ணு. காலைல ஸ்கூல்ல குடுக்கணும்.”

மடியில் ஒரு தெர்மாகோல் எரிமலை வந்து உட்கார்ந்தது.

“உங்க குழந்தை வரலையாக்கா?”

“அவ ஊட்ல டிவி பாத்துகினு கீறா. அவ செஞ்சா வெளங்குமா?”

இரண்டு மணி நேரம் நெருப்புக் குழம்புக்குச் சிவப்பு அடித்தேன். உண்மையில் நன்றாக வந்தது. காய்வதற்குள் அக்கா அடியில் எழுதிவிட்டார்: ‘செய்தவர்: யாழினி, நான்காம் வகுப்பு.’

நீல நூல் பிரிக்கப்படாமல் பையில் இருக்கிறது.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் பெரியவர்களுக்கு வகுப்பு இருந்தால் சொல்லுங்கள். நான்காம் வகுப்பில் சேரச் சொல்லாதீர்கள். அங்கே கைவேலைக்கு அம்மா வேண்டும்.